அடுப்பில் இருந்த தண்ணீர்

தீபாவின் குழந்தைக்கு இரண்டாவது முறையாக உதடு நீலமானபோது ஜீவிதா அஸ்தினாபுரம் கடைத்தெருவில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். போனில் தீபா அழவில்லை. "அக்கா, மறுபடியும் அதே மாதிரி. நகமெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கு. ஆட்டோல போயிட்டிருக்கோம்" என்றாள். பிறகு, "தண்ணி நல்லா இருக்குன்னுதானேக்கா நீங்க சொன்னீங்க?" என்று கேட்டாள்.

குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை. வெறும் குழப்பம்தான். ஜீவிதாவுக்கு அதுதான் அதிகமாகச் சுட்டது. தக்காளியைக் கூடையிலேயே போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள்.

தண்ணீர் நல்லது என்று சொன்னது அவள்தான். அதுதான் அவள் தொழில். டைல்ஸ் கடை ஒன்றின் மாடியில் இயங்கும் தனியார் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவள் வேதியியல் பார்க்கிறாள். ஏரித் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், போர்த் தண்ணீர், எது வந்தாலும் நைட்ரஜன் சேர்மங்களை அளப்பது அவள் மேசைக்குத்தான் வரும். கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கினால் கடைசியில் நைட்ரேட்டாகத்தான் மிஞ்சும். அதற்கு நிறம் இல்லை, வாடை இல்லை, ருசியும் இல்லை. காட்மியம் மணிகள் நிரப்பிய மெல்லிய கண்ணாடிக் குழாய் வழியாகத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறக்கினால் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறும். அதில் இரண்டு மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தால், அதுவரை ஒன்றுமே இல்லாததுபோல் இருந்த தண்ணீரில் ரோஜா நிறம் எழும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு நைட்ரேட்.

இந்த வேலைக்கு அவள் தற்செயலாக வரவில்லை. அப்பா சவுரிமுத்து பல்லாவரத்தில் ஒரு தோல் பட்டறையில் தொட்டிக்குள் இறங்கி வேலை செய்தவர். பட்டறைக்குப் பின்னால் இருந்த தெருவில் கிணறுகள் கெட்டுப்போய்விட்டன என்று சனங்கள் போய்ச் சொன்னபோது, முதலாளி ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பளிங்கு மாதிரி கீது, பாத்துக்கோங்க" என்றாராம். தம்ளரைத் தூக்கிக் காட்டியதோடு நியாயம் முடிந்துவிட்டது. சிறு வயதில் அப்பா வாயால் கேட்ட இந்தக் கதை ஜீவிதாவின் மனதில் முள்ளாகத் தங்கியது. கண்ணுக்குத் தெரியாததைத் தெரியவைக்கும் படிப்பு எது என்று தேடி வேதியியலில் சேர்ந்தாள்.

அவளும் அப்பாவும் பொன்னியம்மாளின் வாடகை வீடு ஒன்றில் குடியிருந்தார்கள். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலத்தில், பொன்னியம்மாள் குடும்பம் வரிசையாக வாடகைப் போர்ஷன்களைக் கட்டி, முன்னால் தங்களுக்கு ஒரு மாடி வீடும் எழுப்பியிருந்தது. எல்லோருக்கும் ஒரே போர். போர்ஷன்களின் செப்டிக் டேங்குகள் அந்தப் போரைச் சுற்றித்தான் கிடந்தன. கட்டும்போது எவரும் அளந்து பார்க்கவில்லை. வாடகையை மட்டும்தான் அளந்தார்கள்.

தீபா பொன்னியம்மாள் வீட்டு மருமகள், கேளம்பாக்கத்துப் பெண். மாடிப்படியில் நின்று ஜீவிதாவோடு மணிக்கணக்கில் பேசுவாள். ஆனால் ஜீவிதா அந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை. ஏசி மெக்கானிக் போவார், கேபிள்காரர் போவார். ஜீவிதா வாசற்படியில் கால் வைத்தால் மட்டும் பொன்னியம்மாள், "அங்கயே இரும்மா, தரை ஈரமா கீது" என்பாள். சித்திரை வெயிலிலும் அந்தத் தரை காய்ந்ததே இல்லை. சாதிப் பெயரை வாயால் சொல்லாமலேயே சாதியைக் காப்பாற்ற நம் ஊரில் எத்தனையோ நாசூக்கான வழிகள் இருக்கின்றன. ஈரத்தரையும் அவற்றில் ஒன்று.

குழந்தைக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை. பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில் தீபாவுக்குப் பால் வற்றிப்போக, புட்டிப்பால்தான். முதல் முறை உதடு நீலமானபோது அரசு ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டரம்மா உடனே பிடித்துவிட்டார். ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகிற கோளாறு. நீலத்தைப் போக்க, நீல நிறத்திலேயே இருக்கும் ஒரு மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். சிறிது நேரத்தில் குழந்தையின் உதடு சிவந்தது. "போர்த் தண்ணியா? நைட்ரேட் இருந்தா கைக்குழந்தைக்கு இப்படி வரும். பெரியவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. டெஸ்ட் பண்ணிட்டு வாங்க" என்றார் டாக்டர்.

ஜீவிதா பொறுப்பாகத்தான் செய்தாள். வாசலில் இருந்த குழாயைத் திறந்து, தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கழுவிய பாட்டிலில் பிடித்து, ஐஸில் வைத்து எடுத்துப்போனாள். லிட்டருக்கு முப்பத்தெட்டு மில்லிகிராம் வந்தது. அனுமதித்த அளவு நாற்பத்தைந்து. குடிக்கத் தகுந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அந்தத் தாளைப் பார்த்த பிறகு டாக்டர் தண்ணீர் மேலிருந்த சந்தேகத்தை விட்டுவிட்டார். அப்படியென்றால் பிறவியிலேயே ரத்தத்தில் குறை இருக்கலாம், அதற்கான சோதனைக்கு அனுப்புவோம், முடிவு வர நாளாகும் என்றார். பொன்னியம்மாளின் காதில் விழுந்தது 'ரத்தத்தில் குறை' என்ற பாதி வாக்கியம்தான். வீடு வந்து சேர்வதற்குள் அது கேளம்பாக்கத்து ரத்தமாகிவிட்டது. ஜோசியர் ஒருவர் மீதியை முடித்துவைத்தார்: தாயின் நட்சத்திரம் பிள்ளைக்கு ஆகாது, ஒரு வருடம் பிரித்து வையுங்கள். பால் கொடுக்க முடியவில்லையே என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்த பெண்ணுக்கு, பக்கத்திலேயே இருக்கக் கூடாது என்று ஒருவன் தட்சணை வாங்கிக்கொண்டு தீர்ப்புச் சொல்கிறான். அதைக் கேட்டுத் தலையாட்ட ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கிறது. தீபாவின் கணவன் சூர்யா இன்ஜினியரிங் படித்தவன். அவனும்தான் தலையாட்டினான்.

இப்போது இரண்டாவது முறை. ஊசி போட்டுக் குழந்தை தேறியதும் நேராகப் பொன்னியம்மாளின் வீட்டுக்கு. தீபா ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே கேளம்பாக்கத்துக்கு. அப்படித்தான் முடிவாகியிருந்தது.

ஜீவிதா அன்று முழுவதும் தன் எண்ணையே சந்தேகப்பட்டாள். வாசல் குழாயில் புதிதாகத் தண்ணீர் பிடித்தாள். காட்மியம் மணிகள் சோர்ந்துபோயிருந்தால் நைட்ரேட் முழுவதும் மாறாமல் நிறம் குறைவாக வரும். அதனால் அளவு தெரிந்த நைட்ரேட் கரைசலைக் குழாயில் இறக்கிப் பார்த்தாள். மணிகள் நன்றாகவே வேலை செய்தன. மருந்துகளைப் புதிதாகக் கரைத்தாள். எல்லாம் முடிந்து பார்த்தால் மறுபடியும் அதே வெளிர் ரோஜா, அதே முப்பத்தெட்டு.

கூடத்தின் மேலாளர் ஷ்யாம்சுந்தர் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார். "ஜீவி, அளவு தெரிஞ்ச கரைசலுக்கெல்லாம் உன் கிராஃப் ரூலர் வெச்சுக் கோடு போட்ட மாதிரி வந்திருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்? நம்பர் சரி. விடு."

"நம்பர் சரின்னா குழந்தை எதுக்கு சார் நீலமாகுது?"

"அது டாக்டரோட கேள்வி."

"தண்ணியில ஒண்ணும் இல்லன்னு டாக்டரை வேற பக்கம் திருப்பினது நான்தானே சார்."

ஷ்யாம்சுந்தர், காபி வாங்கி வரச் சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஜீவிதா வார்டுக்குப் போனாள். குழந்தை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. தீபா கட்டில் ஓரத்தில் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் துணிகள் ஒரு பையில், அவளுடையவை வேறொரு பையில்.

"சாயங்காலம் டிஸ்சார்ஜ்க்கா. அத்தை கார்ல வர்றாங்க."

"தீபா, குழந்தை வாய்க்குள்ள என்னென்ன போகுதோ எல்லாத்தையும் சொல்லு. சின்னது பெருசுன்னு பார்க்காத."

"பால் பவுடர்தான். டாக்டர் சொன்ன அதே டப்பா. கிரைப் வாட்டர்கூட நிறுத்திட்டேன்."

"தண்ணி?"

"பச்சைத் தண்ணி கிடையவே கிடையாதுக்கா. பானைத் தண்ணிதான்."

"எந்தப் பானை?"

தீபா நிமிர்ந்து பார்த்தாள். எல்லா வீட்டிலும் இருப்பதைக் கேட்பதுபோல் இருந்தது அவளுக்கு. "குழந்தைப் பானை. எங்க அத்தை வீட்டு வழக்கம். பிள்ளை பொறந்த அன்னிக்கு அடுப்புல ஏத்துவாங்க. அது காலியாகவே கூடாதாம், ஆறவும் கூடாதாம். சிம்ல கொதிச்சுக்கிட்டே இருக்கும். ஒரு டம்ளர் எடுத்தா மேல ஊத்திடணும். பழைய தண்ணியக் கொட்டினா பிள்ளைக்கு ஆகாதுன்னு சொல்வாங்க."

"நாள் பூராவுமா?"

"ராத்திரியும்தான். ஆவியில கிச்சன் சுவரெல்லாம் வேர்த்துக் கிடக்கும். முதல் தடவை இங்கேருந்து போனப்ப மட்டும் பானையத் தேய்ச்சுக் கழுவி, திருஷ்டி சுத்தி, புதுசா வெச்சாங்க. அப்புறம் கொஞ்ச நாள் பாப்பா நல்லாத்தான்..."

பாதியில் நிறுத்தினாள். கேளம்பாக்கத்தில் தீபாவின் வீட்டுக்குப் பின்னால் சிறிது தூரத்திலேயே உப்பளங்கள். பாத்தியில் விட்ட கடல் தண்ணீரை வெயில் குடித்துவிட்டு உப்பை மட்டும் விட்டுவைப்பதைப் பார்த்து வளர்ந்தவள் அவள்.

"அக்கா, தண்ணிதானே ஆவியாகும்" என்றாள் தீபா. குரல் இறங்கிப்போயிருந்தது. "உள்ள இருக்கறது போகாதில்ல. பாத்தி மாதிரி."

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் சாகாது, அது உயிரே இல்லாதது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது அடர்ந்துகொண்டே போகும். மேலே ஊற்றும் ஒவ்வொரு சொம்பும் இன்னும் கொஞ்சம் கொண்டுவந்து சேர்க்கும். ஜீவிதா அளந்தது குழாயில் வந்த தண்ணீரை. குழந்தை குடித்ததோ வேறு தண்ணீர். நடுவில் ஒரு சமையலறை இருந்தது. அந்தச் சமையலறைக்குள் அவளை விடுவதில்லை.

"அந்தப் பானை இப்பவும் அடுப்புல இருக்கா?"

"இருக்கும்க்கா. குழந்தை திரும்பி வர வரைக்கும் அணைக்கக் கூடாதுன்னு அத்தை அங்கயே இருக்காங்க." தீபா அவள் கையைப் பிடித்தாள். "நான் சொன்னா நம்ப மாட்டாங்க. தண்ணி நல்ல தண்ணின்னு நீங்க எழுதிக் குடுத்த பேப்பரை வர்றவங்ககிட்டல்லாம் காட்டுறாங்க. இன்னிக்கு ராத்திரியிலேருந்து பால் கலக்கப் போறது அவங்க. நான் இருக்க மாட்டேன்."

பணி மாறும் நேரம். டாக்டரம்மா மதியத்துக்கு மேல்தான் வருவார். வாய்ச்சொல்லால் ஆகாது, தன் எண்ணை வெட்ட இன்னொரு எண் வேண்டும் என்று ஜீவிதாவுக்குப் புரிந்தது.

ஜீவிதா திரும்பி வந்தபோது பொன்னியம்மாள் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். "இன்னாம்மா, வேலைக்குப் போவலையா?"

"அம்மா, குழந்தைப் பானையிலேருந்து கொஞ்சம் தண்ணி வேணும். டெஸ்ட் பண்ணணும்."

"தண்ணியத்தான் பாத்துட்டியே. நல்ல தண்ணினு கையெழுத்துப் போட்டுக் குடுத்தியே. அதையே எத்தினி வாட்டி பாப்ப?"

"அது குழாய்த் தண்ணி. இது வேற."

"அதே தண்ணிதாம்மா கொதிச்சிக்கினு கீது. கொதிச்சா இன்னும் சுத்தம்தான. அந்தப் பானையிலேருந்து வெளியாளுக்குத் தண்ணி எடுத்துக் குடுக்க மாட்டோம், வழக்கமில்ல. நீ போ. தரை ஈரமா கீது."

ஜீவிதா தரையைப் பார்த்தாள். காய்ந்து வெளுத்துக் கிடந்தது. செருப்பைக் கழற்றினாள். பொன்னியம்மாள் நீட்டிய கையைத் தாண்டி ஹாலைக் கடந்து நேராகச் சமையலறைக்குள் போனாள். இத்தனை வருடங்களில் அதுதான் முதல் தடவை. ஹால் கண்ணில் படவே இல்லை. சின்ன அடுப்பில் ஒரு பித்தளைப் பானை. மூடியோரம் ஆவி. பானையின் உள்விளிம்பில் வெள்ளையாகப் படிந்த வளையங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. பாட்டிலில் மொண்டபோது கை சுட்டது. மூடியைத் திருகிவிட்டு, போகிற போக்கில் அடுப்பை அணைத்தாள்.

பின்னால் வந்த பொன்னியம்மாள் மறுபடி பற்றவைத்தாள். கத்தவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். அது கத்துவதைவிட மோசமாக இருந்தது. "அடுப்பாண்ட வரைக்கும் வந்துட்ட. சரி. இந்த மாசத்தோட வூட்டக் காலி பண்ணிக்கினு போயிரு. உங்கப்பனாண்ட சொல்லிரு."

"சொல்லிடறேன்மா. அந்தத் தண்ணியக் குழந்தைக்குக் குடுக்காதீங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேக்கல."

"எங்க வூட்டுப் புள்ளைக்கு இன்னா குடுக்கணும்னு நீ சொல்றியா?"

பரிசோதனைக் கூடத்தில் திண்டாட்டமான மதியம் அது. சூட்டோடு மருந்து சேர்த்தால் நிறம் பொய் சொல்லும், ஆறவிட வேண்டும். வடிகட்ட வேண்டும். காட்மியம் குழாயோ யாருக்காகவும் வேகமாகச் சொட்டாது. குழாயைத் திறந்துவிட்டு வேகப்படுத்தலாமா என்று ஒரு கணம் கை நீண்டது. வேகமாக இறங்கினால் பாதி மாறாமலே போய்விடும் என்று இழுத்துக்கொண்டாள். அவசரத்தில் தப்பான எண்ணோடு போய் நின்றால் மூன்றாவது முறை யாரும் அவளை நம்ப மாட்டார்கள். ஷ்யாம்சுந்தர் எதுவும் கேட்காமல் பக்கத்து மேசையில் குழாய்த் தண்ணீரையும் இணையாக வைத்தார்.

இரண்டிலும் மருந்து விழுந்தது. நிறம் முழுவதும் எழக் கொஞ்ச நேரம் ஆகும். ஆனால் அதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. குழாய்த் தண்ணீர் கன்னம் சிவப்பதுபோல் மெல்ல ரோஜாவாகிக்கொண்டிருக்க, பானைத் தண்ணீர் பீட்ரூட் சாறுபோல் கறுத்துச் சிவந்தது. கருவியில் வைத்தால் அளவுகோலுக்கு வெளியே போனது. நீர்க்கச்செய்து மறுபடி வைத்தார்கள். லிட்டருக்கு நூற்று அறுபதைத் தாண்டியிருந்தது.

"எழுதிக் குடுங்க சார்."

"சாம்பிள் யார் குடுத்தாங்கன்னு போட?"

"நான் எடுத்தேன்னு போடுங்க. போன ரிப்போர்ட் நம்பரையும் சேர்த்துப் போடுங்க. கைக்குழந்தைக்கு ஆகாதுன்னு எழுதுங்க."

ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிகள் ஊர்ந்தன. தீபாவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. வார்டின் மாடிப்படியை ஜீவிதா எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது.

உள்ளே பொன்னியம்மாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை, பசியில் வீறிட்டுக்கொண்டு. பக்கத்தில் மூடி திறந்த பிளாஸ்க். வழிப் பயணத்துக்குக் குழந்தைக்குப் பால் வேண்டுமென்று பானைத் தண்ணீரையே கொண்டுவந்திருந்தாள். புட்டியில் பால் கலந்தாகிவிட்டது. மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தாள். தீபா தன் பையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். அருகில் சூர்யா, போனைப் பார்த்தபடி.

"குடுக்காதீங்க" என்றாள் ஜீவிதா. மூச்சு வாங்கியது. "குழாய்த் தண்ணிய விட நைட்ரேட் நாலு மடங்குக்கு மேல இருக்கு."

"இங்கயும் வந்துட்டியா?" பொன்னியம்மாள் புட்டியைக் குழந்தையின் வாய்க்குக் கொண்டுபோனாள். "பசியில துடிக்குது. பேஜார் பண்ணாத, போ."

தீபா பையைக் கீழே வைத்தாள். இரண்டே எட்டில் வந்து மாமியாரின் கையிலிருந்த புட்டியைப் பிடுங்கினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க வாஷ்பேசினில் கவிழ்த்தாள். பிளாஸ்க்கையும் எடுத்துக் கவிழ்த்தாள். பிறகு குழந்தையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"தீபா, அம்மாகிட்ட இப்டியா..." என்று ஆரம்பித்தான் சூர்யா.

"போய் கேன் தண்ணி இல்ல, சீல் போட்ட தண்ணி பாட்டில் வாங்கிட்டு வாங்க. சின்னதா. ஓடுங்க."

அவன் ஓடினான்.

சத்தம் கேட்டு வந்த டாக்டரம்மா தாளை வாங்கிப் படித்தார். முன் தாளையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பானையைப் பற்றித் தீபா சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. "ரத்தத்துல குறைன்னு நாம தேடிட்டிருந்தது அநேகமா இதுதான். இன்னிக்கு டிஸ்சார்ஜ் வேண்டாம். இனிமே பால் அம்மாதான் கலக்கணும், வேற யாரும் வேண்டாம். அந்தப் போர்த் தண்ணியே குழந்தைக்கு வேண்டாம்" என்றார்.

பொன்னியம்மாள் வெறும் மடியோடு உட்கார்ந்திருந்தாள். ஜீவிதாவை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நான்தான் குடுத்தேன்றியா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். வயதானவள், தெரியாமல் செய்தாள். ஆனால் இத்தனை நாள் தெரியாமல் செய்தவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் சுவரோரம் நின்ற ஒருத்தியின் தலையில் பழியை வைத்திருந்தார்கள்.

"ஆமாம்மா. நீங்க குடுத்தீங்க. நல்ல தண்ணின்னு நான் எழுதிக் குடுத்தேன். தீபா மேல ஒண்ணும் இல்ல."

"அன்னிக்கே உள்ள வுட்டிருந்தா பாத்திருப்பியா?"

"பானையப் பாத்திருந்தா அன்னிக்கே கேட்டிருப்பேன்."

பொன்னியம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

தீபா குழந்தையோடு கேளம்பாக்கம் போனாள். குழந்தைக்குப் பிறகு ஒருமுறைகூட நிறம் மாறவில்லை. ரத்தச் சோதனையும் குறை எதுவும் இல்லையென்றே வந்தது. ஜோசியர் வாங்கிய தட்சணையைத் திருப்பித் தந்ததாகத் தகவல் இல்லை.

காலி பண்ணச் சொன்னதைப் பொன்னியம்மாள் திரும்பப் பெறவில்லை, ஜீவிதாவும் கேட்கவில்லை. பெருங்களத்தூரில் வீடு பார்த்தாயிற்று. சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டுச் சவுரிமுத்து முன் இருக்கையில் உட்கார்ந்தார். "போலாம்மா. வூட்டுக்காரம்மா மனசு மாறி அட்வான்ஸைப் பிடிச்சிக்கப் போவுது" என்றார்.

"இருப்பா, வந்துடறேன்."

அவள் முதல் போர்ஷன் கதவைத் தட்டினாள். "அக்கா, வீட்டுல கைக்குழந்தை இருக்கா? மாசமா யாராவது இருக்காங்களா?" போர்த் தண்ணீரில் நைட்ரேட் எவ்வளவு என்று சொன்னாள். கொதிக்க வைத்தால் இது போகாது, கூடும் என்று சொன்னாள். செப்டிக் டேங்க் இருக்கும் இடத்தைக் காட்டினாள். அடுத்த கதவைத் தட்டினாள்.

மாடி வீட்டு வாசலில் நின்று பொன்னியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை. ஜீவிதா கடைசிப் போர்ஷனை நோக்கி நடந்தாள்.